அவள் ஊருக்குப் போகும் பஸ்

என் உடம்பில் நான் ஒரு தடவைகூட நேரில் பார்க்காத இடம் ஒன்று இருக்கிறது. முதுகுத்தண்டு முடிகிற இடம். அதை என் மனைவி பார்த்திருக்கிறாள், நர்ஸம்மா பார்த்திருக்கிறார், பக்கத்துத் தோட்டத்து மச்சான் பார்த்திருக்கிறான். எனக்கு மட்டும் போனில் படம் எடுத்துத்தான் காட்டினார்கள். ஒரு வருஷம் எங்கள் வீட்டில் நல்லது கெட்டது எல்லாம் அந்த இடத்தைச் சுற்றியே நடந்தது.

படுக்கைப் புண் என்று அதற்குப் பெயர். கேட்டால் ஏதோ சோம்பேறிக்கு வரும் வியாதி மாதிரி இருக்கும். நான் சோம்பேறி இல்லை. மிளகு பறிப்பு வந்தால் எங்கள் பக்கத்தில் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒற்றை மூங்கில் ஏணியைச் சில்வர் ஓக் மரத்தில் சாய்த்துவிட்டு, மற்றவர்கள் வெற்றிலை மென்று முடிப்பதற்குள் நான் உச்சிக் கொடியில் இருப்பேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. ஒரு மாசி மாதம், பனி ஈரம் காயாத காலையில், ஏணி ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். கையில் பிடித்திருந்த கொடி மட்டும் என்னோடு கீழே வந்தது.

மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தோம். திருப்பி அனுப்பும்போது, புரட்டிப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார்களாம். அதற்கு முன்னால் அவர்கள் சொன்ன இன்னொன்று, இனிமேல் கால் வராது என்பது. அதைக் கேட்ட பிறகு சொன்னது எதுவும் எங்கள் இரண்டு பேர் காதிலும் ஏறவில்லை.

மலையில் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். எலும்பு முறிந்தால் கட்டுப் போடு, அசைக்காமல் வை, தானாகக் கூடிவிடும். ஆட்டுக்கும் அதே, மாட்டுக்கும் அதே, ஆளுக்கும் அதே. என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் வாசலில் செருப்பை விடும்போதே அதைத்தான் சொன்னார்கள்.

“ஏனுங்க, அசைக்கவே கூடாதுங்க. அப்படியே கெடக்கட்டும்.”

அப்படியே கிடந்தேன். என் மனைவி சாமை வைக்கோலைச் சலித்து, குத்துகிற தாளை எல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டு, சாக்கில் அடைத்து, அதன் மேல் தன் பழைய சேலைகளை மடித்துப் போட்டு எனக்கு மெத்தை செய்தாள். அதில் என்னை நேராக மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். நான் வலிக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. வலித்தால்தானே சொல்வதற்கு? இடுப்புக்குக் கீழே எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. வலி இல்லை என்றால் குணமாகிறது என்று அவளும் நம்பினாள், நானும் நம்பினேன்.

அது பலாப்பழக் காலம். எங்கள் மலையில் அந்தக் காலத்தில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் பழ வாசம்தான் முதலில் வரும். எங்கள் வீட்டிலும் கட்டிலுக்கு அந்தப் பக்கம் சுவரோரமாகப் பழங்களை அடுக்கி வைத்திருந்தாள். ஒரு நாள் அவள் மூக்கைச் சுளித்துக்கொண்டு நின்றாள்.

“ஏதோ பழம் உள்ள அழுகிருச்சாட்ட இருக்குதுங்க.”

ஒவ்வொரு பழமாகத் தட்டிப் பார்த்தாள். சந்தேகப்பட்டதை வெட்டிப் பார்த்தாள். உள்ளே சுளை தங்கமாக இருந்தது. இருந்தாலும் மாட்டுக்குப் போட்டாள். மறுநாளும் நாற்றம். இன்னொரு பழம் மாட்டுக்குப் போனது. இப்படியே சுவரோரம் காலியானது. கொட்டாயில் மாடுகள் வாழ்க்கையில் சாப்பிடாத சாப்பாட்டைச் சாப்பிட்டன. அப்புறமும் நாற்றம் போகாமல், எலி செத்திருக்கும் என்று தானியக் குதிரை நகர்த்தினாள், பரணில் ஏறினாள். இன்றைக்கு அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரிக்கிறோம். மலைக்காரர்களைத் தவிர வேறு யார் அழுகும் புருஷனை வைத்துக்கொண்டு பலாப்பழத்தைச் சந்தேகப்படுவார்கள்?

வீடு தேடி வரும் நர்ஸம்மா எங்கள் ஊருக்கு முதல் தடவை வந்தது அந்த வாரம்தான். வாசல் தாண்டும்போதே அவர் முகம் மாறிவிட்டது. பழம் எதையும் தட்டிப் பார்க்கவில்லை. நேராக வந்து என்னை ஒருக்களித்துப் போடச் சொன்னார். என் மனைவி தயங்கினாள்.

“அசைக்கக் கூடாதுங்கறாங்களே?”

“யாரு சொன்னாங்க? நீ புடி கண்ணு.”

என்னைத் திருப்பினார்கள். என் மனைவியின் குரல் அப்படி உடைந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. மரத்திலிருந்து விழுந்த அன்றைக்குக்கூட அவள் அப்படிக் கத்தவில்லை. வெளியே பலாக்கொட்டை அளவுதான் தெரிகிறது, உள்ளே ஒரு சுளையே வைக்கலாம் போலக் குடைந்திருக்கிறது என்று நர்ஸம்மா சொன்னார். வலிக்கவே இல்லையே என்று நான் கோபமாகச் சொன்னேன். “வலிக்காதுங்க. அதுனாலதான் இவ்வளவு தூரம் வந்துருச்சு” என்றார்.

அவர் அன்றைக்குச் சொல்லிவிட்டுப் போனது இதுதான். ஒரே பக்கமாக அழுந்திக் கிடந்தால் சதை செத்துவிடும். பகலோ இரவோ, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்ப வேண்டும். இடது பக்கம், வலது பக்கம், குப்புற. மல்லாக்க மட்டும் கூடவே கூடாது. உப்புப் போட்டுக் காய்ச்சி ஆற வைத்த தண்ணீரில் தினமும் புண்ணைக் கழுவிக் கட்ட வேண்டும். புண் மூடினால் நான் நாற்காலியில் உட்காரலாம். மூடாவிட்டால் விஷம் உடம்பெல்லாம் ஏறும்.

ஒரு ஆள் விழுந்தால் ஒரு ஆள் கூலிதான் நின்றுபோகும் என்று நினைத்திருந்தேன். இரண்டு ஆள் கூலியும் நின்றது. களை எடுக்கவும் கிழங்கு பிடுங்கவும் அடுத்த காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவள் வீட்டைச் சுற்றியே நின்றாள். முதலில் கறவை மாடு போனது, அப்புறம் அதன் கன்று. அடுத்த பறிப்புக்கான மிளகைக் கொடியில் இருக்கும்போதே வியாபாரிக்கு விட்டோம். பஞ்சும் கட்டுத்துணியும் சத்துக்கு முட்டையும் என்று அந்தப் புண் எங்களைவிட நன்றாகச் சாப்பிட்டது.

அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருந்தது. வந்துகொண்டிருந்தவர்கள் வருவதை நிறுத்தினார்கள். பெண்கள் வாசலோடு நின்று, முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டே நலம் விசாரித்தார்கள். கோயில் காட்டில் செருப்புக் காலோடு போயிருப்பான், அதுதான் சாமி கீழே தள்ளியது என்று ஒரு பேச்சு கிளம்பியது. மிளகு ஏறுகிறவன் எங்கேயடா செருப்புப் போட்டான் என்று கட்டிலில் கிடந்தபடியே கத்தினேன். கேட்க ஆள் இல்லை. ஒரு நாள் எங்கள் ஊர் நோன்பு விருந்துக்குப் போனவள் சாப்பிடாமல் திரும்பி வந்தாள். பந்தியில் அவள் உட்கார்ந்ததும் பக்கத்து இலைக்காரி எழுந்து வேறு இலைக்குப் போய்விட்டாளாம். சேலையைத் துவைத்துத் துவைத்துக் கட்டியும் நாற்றம் அவளோடு போயிருக்கிறது. அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. எனக்குத்தான் யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது.

இரண்டு மணி நேரத்தை எப்படிக் கணக்கு வைப்பது என்பது அடுத்த தலைவலி. போனில் அலாரம் வைக்கச் சொன்னார் நர்ஸம்மா. மழைக்காலத்தில் கரண்ட் இருந்தால்தானே போனுக்கு உயிர்? இருக்கிற கொஞ்ச சார்ஜை ராத்திரிக்கு என்று வைத்துக்கொண்டோம். பகலுக்கு வழி கண்டுபிடித்தது என் மனைவிதான்.

“எங்க ஊரு பஸ் இருக்குதுல்லங்க. போறப்ப ஒரு பக்கம், வர்றப்ப ஒரு பக்கம்.”

எங்கள் வீடு செம்மேட்டைத் தாண்டி, வளப்பூர் நாட்டுக்குப் போகிற ரோட்டில் ஒரு வளைவை ஒட்டி இருக்கிறது. அவள் பிறந்த ஊர் அந்த ரோட்டின் கடைசியில். அந்த பஸ்ஸை ஊரில் எல்லோரும் நம்பர் சொல்லிக் கூப்பிடுவார்கள், அவள் மட்டும் ‘எங்க ஊரு பஸ்’ என்பாள். அது போவதும் வருவதும் ஏறக்குறைய நர்ஸம்மா சொன்ன இடைவெளியில்தான். வளைவில் டிரைவர் ஆரன் அடிக்காமல் திரும்ப முடியாது. கிழங்குக் காட்டில் நின்றாலும் சத்தம் கேட்கும். ஆரன் கேட்டதும் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவாள். நான் கனமான ஆள். அவளால் தனியாக முடியாதபோது, வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் என் மாமன் மகனைக் கூப்பிடுவாள். அவன்தான் நான் சொன்ன மச்சான்.

“ஏ மாப்ள, ஆரன் அடிச்சா ஊர்ல ஆடு மாடெல்லாம் ஒதுங்குது. நீ ஒருத்தந்தான் புரண்டு படுக்கற” என்பான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் அவன் வராத நாளில் மனசு அவனைத் தேடும்.

இப்போது யோசித்தால், எங்கள் வீட்டுக்கு ஊர் திரும்பி வந்தது அந்த ஆரனால்தான். காட்டில் நிற்பவர்களுக்கு முதலில் அது வேடிக்கையாக இருந்தது. பஸ் போனதும், “பஸ் போயிருச்சு, திருப்பியாச்சா?” என்று தூரத்திலிருந்து யாராவது குரல் கொடுப்பார்கள். “ஆச்சுங்க” என்று இவள் பதில் கொடுப்பாள். அப்புறம் குரல் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வாசல் வரை வந்தார்கள். தினமும் கழுவிக் கட்டியதில் நாற்றமும் குறைந்துவிட்டது. உள்ளே வந்து ஒரு கை பிடித்தார்கள். நான் குப்புறக் கிடக்கிற நேரத்தில் வருபவர்களின் முகம் எனக்குத் தெரியாது, கால்தான் தெரியும். வெடித்த குதிகால், சேற்றுப் புண், மிஞ்சி, கிழங்குக் காட்டுச் செம்மண். ஊரில் யாருடைய காலைக் காட்டினாலும் இன்றைக்கும் பெயர் சொல்லிவிடுவேன். பந்தியில் எழுந்துபோனவளின் காலும் ஒரு நாள் வந்து கட்டிலோரம் நின்றது. அவள் என் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டுப் போனாள்.

ஆவணியில் என் மனைவியின் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. தை மாதம் முகூர்த்தம். அவன் அவளுக்கு ஒரே தம்பி, இவள் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். தாலியில் அக்கா போட வேண்டிய முடிச்சு ஒன்று இருக்கிறது, அதை இவள்தான் போட வேண்டும். நான் விழுந்ததிலிருந்து அவள் அம்மா வீட்டுக்குப் போனதே இல்லை. போய்த் திரும்ப இரண்டு பஸ் நேரம் ஆகும், அதற்குள் என்னைத் திருப்பும் முறை தவறிவிடும். கல்யாணம் என்றால் ஒரு ராத்திரி தங்க வேண்டும். “தைக்குள்ள புண்ணு ஆறிருச்சுன்னா, நாற்காலியில உக்கார வச்சு அவரையும் கூட்டிட்டே போயிரு கண்ணு” என்று நர்ஸம்மா ஒரு பேச்சுக்குச் சொன்னார். என் மனைவி அதைப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான், மூடுகிறதா? அவளும் ஒரே பதில்தான் சொல்வாள், “கொஞ்சம் மூடியிருக்குதுங்க.”

உண்மையாகவே மூடிக்கொண்டு வந்தது. சிவப்பாகப் புதுச் சதை வருகிறது, நல்ல சதை என்று நர்ஸம்மாவே சொன்னார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு நாள் காலையில் ரோட்டில் மரம் விழுந்து, மண்ணும் சரிந்துவிட்டது. பஸ் இல்லை. அது எங்களுக்குத் தெரியாது. முதல் திருப்பத்தை முடித்துவிட்டு, தண்ணீர் தேங்கிய வயலுக்கு வரப்பு வெட்டிவிட அவள் போய்விட்டாள். மச்சான் அவன் காட்டில். எல்லோரும் வழக்கம்போல ஆரனுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு வேலை செய்திருக்கிறார்கள். மழைச் சத்தத்தில் நானும் நன்றாகத் தூங்கிவிட்டேன். ஆரன் வரவே இல்லை. யார் வீட்டிலும் கடிகாரத்தைப் பார்க்கிற பழக்கம் இல்லாமல் போயிருந்தது. சாயங்காலம் பசி வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்திருக்கிறது. சேற்றுக் காலோடு ஓடி வந்து என்னைத் திருப்பினாள். கீழே அழுந்திக் கிடந்த இடுப்பெலும்பு மேல் உள்ளங்கை அளவு சிவந்து, அழுத்தினாலும் வெளுக்காமல் இருந்தது. இரண்டு நாளில் அதுவும் உடைந்தது. பழைய புண்ணிலும் மறுபடி சீழ் வைத்தது.

அன்றைக்கு அவள் கட்டிலோரம் உட்கார்ந்து அழுதாள். நான் சமாதானம் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, “பஸ் வரலீன்னா நீ என்ன பண்ணுவ புள்ள, உடு” என்றேன். அவள் வெடுக்கென்று நிமிர்ந்தாள்.

“உங்களுக்கு அது பஸ்ஸுங்க. எனக்கு எங்கம்மா ஊட்டு வழி. அதுல ஏறத்தான் முடியல, சத்தத்தயாச்சும் கேட்டுட்டு இருந்தேன்.”

அதுவரை அந்த ஆரன் எனக்குத் திரும்பிப் படுக்கிற நேரம், அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் தன் ஊருக்குப் போகிற பஸ்ஸின் சத்தத்தைக் கேட்டுத்தான் அவள் அதற்கு எதிர்ப்பக்கம் ஓடி வந்திருக்கிறாள். பெண்களுக்கு டிக்கெட்கூட இல்லாத பஸ் அது. கை காட்டி ஏறினால் போதும். அவளால் கை காட்ட முடியாதபடி நான் கட்டிலில் கிடந்தேன்.

தை வந்தது, புண் மூடவில்லை. இடுப்புப் புண் ஆறிவிட்டது, பழையது விரல் நுனி அளவுக்கு நின்றுகொண்டு போகமாட்டேன் என்றது. அவள் கல்யாணத்துக்குப் போகவில்லை என்று முடிவு செய்துவிட்டாள். முடிச்சை ஒன்றுவிட்ட தங்கை போடட்டும் என்று அம்மாவுக்குச் சொல்லி அனுப்பியும் விட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நீ போகாவிட்டால் நான் மல்லாக்கத்தான் படுப்பேன் என்றேன். சின்னப் பிள்ளை மாதிரி அடம் பிடிக்கிறேன் என்று தெரிந்தும் சொன்னேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பஞ்சாயத்தைத் தீர்த்தது மச்சான்தான். “தங்கச்சி, நீ போயிட்டு வா. இவன் என்ன, ஒரு மூட்ட கெழங்கு. நாங்க புரட்ட மாட்டமா?” என்றான். அவன் பெண்டாட்டி அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டில் படுத்துக்கொள்வதாகச் சொன்னாள். பந்தியில் எழுந்தவளும் வந்து, தானும் இருப்பதாகச் சொன்னாள். ஆளாளுக்கு ஒரு பஸ் நேரத்தை எடுத்துக்கொண்டார்கள்.

காலை பஸ்ஸில் அவள் புறப்பட்டாள். எங்கள் கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு, வாசல்படியில் நின்று, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். இடது, அப்புறம் குப்புற, அப்புறம் வலது. துணியில் மடிப்பு விழக் கூடாது. பஸ் வந்து நின்றது, டிரைவர் அவளுக்காக ஒரு ஆரன் அடித்தார். அவள் பழக்க தோஷத்தில் என்னைத் திருப்ப உள்ளே ஓடி வந்துவிட்டாள். மச்சான் அவளைப் பிடித்து வெளியே தள்ளாத குறைதான்.

அந்த ஒரு நாள் எங்கள் வீட்டில் கல்யாணம் நடந்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு ஆரனுக்கும் இரண்டு மூன்று பேர் ஓடி வந்தார்கள். ஒருவர் திருப்பிவிட்டுப் போன பிறகு இன்னொருவர் வந்து, திருப்பவில்லை என்று நினைத்து மறுபடியும் திருப்பினார். மச்சான் பெண்டாட்டி தினை மாவில் உருண்டை பிடித்துக் கொண்டுவந்தாள். நான் குப்புறக் கிடந்து தின்றேன். அத்தனை கால்களும் என் கட்டிலைச் சுற்றி நின்று கதை பேசின. அந்த ராத்திரி அவள் அம்மாவுக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருப்பாள் என்று நினைக்க நினைக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் மதியம் பஸ் நிற்பதற்கு முன்பே குதித்து வந்தாள். தலையில் வாடிய பூ, கையில் பலகாரப் பை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. போர்வையைத் தூக்கி முதுகைத்தான் பார்த்தாள். எங்கேயும் சிவப்பு இல்லை. அப்புறம்தான் கட்டிலோரம் உட்கார்ந்து, “முடிச்சு நாந்தாங்க போட்டேன்” என்றாள்.

புண் அந்தப் பங்குனியில் மூடியது. நர்ஸம்மா போனில் எடுத்துக் காட்டிய கடைசிப் படத்தில், கசங்கிய சேலை மடிப்பு மாதிரி ஒரு தழும்பு மட்டும் இருக்கிறது. இப்போது சக்கர நாற்காலியில் உட்காருகிறேன். வாசலில் உட்கார்ந்து மிளகு காம்பு பிரிக்கிறேன், வருகிறவர் போகிறவரை வம்புக்கு இழுக்கிறேன். பலாப்பழ வாசம் வந்தால் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம். உட்கார்ந்தே இருந்தாலும் புண் வரும், அதனால் அடிக்கடி இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கி, நர்ஸம்மா சொன்ன நேரம் வரைக்கும் பிடித்து இறக்க வேண்டும். அதை நானே செய்துகொள்கிறேன். யாரும் ஓடி வர வேண்டியதில்லை. சில நாள் அதுவே ஒரு குறையாக இருக்கிறது. அத்தனை பேர் கை பட்டுக் கிடந்த உடம்பு இது.

அவள் இப்போது நினைத்தபோது அம்மா வீட்டுக்குப் போகிறாள். போன வாரமும் போனாள். பஸ் வளைவில் வேகம் குறைத்து ஆரன் அடித்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் தலையை வெளியே நீட்டி, பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி, “தூக்குங்க!” என்று கத்தினாள்.

கையை ஊன்றித் தூக்கினேன். நர்ஸம்மா சொன்ன நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. பஸ் அடுத்த வளைவில் மறைகிற வரைக்கும் நான் இறங்கவில்லை.